கணக்குப்பிள்ளைக்கு, கூடலூரிலிருந்து

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

இங்கு நலம். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததை டீச்சர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பத்து மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. கோபமாக இருப்பாய் என்று தெரியும். இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

முதலில் நல்ல சேதி. பணம் வந்துவிட்டது. போன வியாழக்கிழமை முதல் தவணை கணக்கில் ஏறியது. மலையேறி வீடுவீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற நம் ஆறு ஹெல்த் சேச்சிகளுக்கும் மூன்று வருஷச் சம்பளம். வேன் இல்லை, கட்டடம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. சம்பளம், பஸ் காசு, போன் காசு. அவ்வளவுதான் கேட்டேன், அவ்வளவையும் கொடுத்துவிட்டார்கள். பாஸ்புக்கை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன் டி. ஜீப் அண்ணன் வந்து "என்னாச்சும்மா, யாருக்கு என்ன?" என்று பதறிவிட்டார்.

இனி நான் ஏன் எழுதவில்லை என்பதைச் சொல்கிறேன். நம் பழைய பணம் போன வருஷம் மார்ச்சோடு முடிந்தது. உனக்குத் தெரிந்ததுதான். நாம் பெரியம்மா என்று கூப்பிடும் பெங்களூர் பெரிய அமைப்பு வெளிநாட்டு நிதி வாங்கி நம்மைப் போலச் சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்த காலம் 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தியதோடு முடிந்துபோனது. ஓர் அமைப்பு வாங்கிய பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றக்கூடாது, நிர்வாகச் செலவு ஐம்பது சதவீதம் வரை போகலாம் என்றிருந்தது இனி இருபதுக்கு மேல் கூடாது, கணக்கு டெல்லியில் ஒரே வங்கிக் கிளையில்தான் தொடங்க வேண்டும். அதன்பிறகு ஒரு வருஷம் இங்கே, ஒரு வருஷம் அங்கே என்று ஒட்டுப்போட்டு ஓட்டினோம். போன ஏப்ரலில் அந்த ஒட்டும் விட்டுப்போயிற்று. ஆறு பேரில் இரண்டு பேர் எஸ்டேட்டுக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

அதில் ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்த பழங்குடிக் குடியிருப்புகளில் ஒன்று, நாம் இரண்டு பேரும் முதல் வருஷம் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு ஏறினோமே, அந்த ஓடைக்கு மேலே இருக்கும் பாடி. அங்கே பன்னிரண்டு வயசுப் பையன் ஒருத்தன். சிக்கிள் செல் என்ற ரத்த நோய். தினமும் ஹைட்ராக்சியூரியா சாப்பிட வேண்டியவன். ரத்த அணு அரிவாள் மாதிரி வளைந்து ரத்தக் குழாயில் அடைத்துக்கொள்வதை அந்த மாத்திரை குறைக்கும். நிறுத்தினால் அன்றைக்கே ஒன்றும் ஆகாது, அதுதான் ஆபத்து. குளிரும் மழையும் வரும்போது வலி பிடித்துக்கொள்ளும்.

ஜூலையில் தேவாலா பக்கம் மழை எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பையனை நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலுமாகத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். பிழைத்துக்கொண்டான். ஆறாம் நாள் நான் பாடிக்கு ஏறிப் போனேன். அம்மா கூரை இடுக்கிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தாள். உள்ளே மாத்திரைப் பட்டைகள். தரையில் பரப்பி எண்ணினேன். ஏப்ரல் இரண்டாவது வாரத்தோடு நின்றிருந்தது. அதற்குப் பிறகு ஒரு மாத்திரை கூடப் பிரிக்கப்படவில்லை. எலி கடிக்காமல், ஈரம் படாமல், பத்திரமாக இருந்தது.

"ஏன் கொடுக்கலை?" என்று கேட்டேன்.

"சேச்சி வரலை. மருந்து போதும்னு சொல்லிட்டாங்க போலன்னு நெனச்சோம்."

மாத்திரை இலவசம். அது வீட்டிலேயே இருந்தது. ஆஸ்பத்திரியும் திறந்துதான் இருந்தது. வாரத்துக்கு ஒரு நாள் வாசலில் உட்கார்ந்து பட்டையை எண்ணிப் பார்க்க ஒருத்தி இல்லை, அவ்வளவுதான் குறை. அந்த ஒருத்திக்கு மாதம் ஒன்பதாயிரம் ரூபாய் என்னால் கொடுக்க முடியவில்லை. அன்றிரவு உனக்கு எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. இன்றுவரை முடியாமலே இருந்தது.

இந்தியாவில் இந்த நோய் இருப்பது வெளியுலகத்துக்குத் தெரிந்ததே நம் மலையால்தான் என்று டாக்டர் ஐயா வகுப்பெடுப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? 1952-இல் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தில் கண்டு எழுதினார்கள். 2023 ஜூலை 1-இல் மத்திய அரசு சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. 17 மாநிலங்களில், நாற்பது வயசு வரை உள்ள ஏழு கோடிப் பேருக்குப் பரிசோதனை, 2047-க்குள் ஒழிப்பது. நல்ல காரியம், மனசார வரவேற்கிறேன். ஆனால் பரிசோதனை ஒரு நாள் வேலை. பரிசோதனை அட்டையைக் கையில் கொடுத்த மறுநாளிலிருந்து நோயாளியின் ஆயுசு முழுக்க இருக்கிற வேலையை யார் செய்வது? மருந்து, ரத்தப் பரிசோதனை, காய்ச்சல் வந்தால் உடனே கூட்டிக்கொண்டு இறங்குவது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்குவது, ஓ.பி.யில் நர்ஸ் கேட்பதைப் பணியர் பழங்குடி மக்களின் மொழியில் சொல்லிக் கொடுப்பது. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு "என்னைத் திட்டினார்கள்" என்று திரும்பி வந்துவிடுகிற கிழவியை மறுபடி சமாதானம் பண்ணிக் கூட்டிப்போவது. இதையெல்லாம் எந்த பட்ஜெட்டில், எந்தத் தலைப்பில் எழுதுவாய் நீ?

இதில்தான் சண்டை. பிப்ரவரியில் ஒரு கம்பெனியின் சி.எஸ்.ஆர்., அதாவது சமூகப் பொறுப்புப் பிரிவிலிருந்து வந்தார்கள். லாபத்தில் இரண்டு சதவீதம் செலவழிக்க வேண்டும் என்ற சட்டம் இருக்கிறதே, நிதியாண்டு முடிவதற்குள் மீதிப் பணத்துக்கு இடம் தேட வேண்டும். தொழிற்சாலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை என்று அந்தச் சட்டத்திலேயே இருப்பதால் தேயிலையும் காடும் தவிர ஒன்றுமில்லாத நம் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இவர்கள் வந்ததே அதிசயம். வந்தவர்கள் நல்ல மனுஷர்கள். இருபத்திநான்கு லட்சத்துக்கு ஒரு மருத்துவ வேன் தருகிறோம் என்றார்கள்.

நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நம் கமிட்டியில் பாதிப் பேருக்கு என்மேல் கோபம். குட்டையன் ஒரு வாரம் பேசவில்லை. ஆனால் நீயே சொல், தார் ரோடு முடிந்து இரண்டு கிலோமீட்டர் மேலே இருக்கிறது அந்தப் பாடி. வேன் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ரோட்டில் நிற்கும், ஆட்கள் அந்நேரம் எஸ்டேட்டில் இருப்பார்கள். டிரைவர், டீசல், இன்சூரன்ஸ் யார் கொடுப்பது? அரசு நடமாடும் மருத்துவ வண்டியே வருகிறது. வண்டிக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த இரண்டு கிலோமீட்டர்தான் என் வேலை. அதை நடந்துதான் தீர்க்க முடியும்.

வந்த அதிகாரிக்கு வயசு முப்பது இருக்கும். "மேடம், சம்பளம்னா அது அட்மின்ல போயிடும். எங்களுக்கு அஞ்சு பர்சென்ட்தான் லிமிட்" என்றார். மூன்று வருஷம் முன்னால் நீ பச்சை மையில் எழுதிக் கொடுத்தாயே ஒரு காகிதம், அதை பீரோவிலிருந்து எடுத்துக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். 2021 ஜனவரியில் வந்த விதி. ஐந்து சதவீத வரம்பு கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்த ஆகும் பொதுச் செலவுக்குத்தான். திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அந்தக் கணக்கில் வராது. வெளிநாட்டு நிதி விதிகளில் கூட ஆஸ்பத்திரி டாக்டர் சம்பளமும் பள்ளி ஆசிரியர் சம்பளமும் நிர்வாகச் செலவில் சேராது என்று இருப்பதை நீ கீழே கோடு போட்டு எழுதியிருந்தாய். டாக்டர் சம்பளம் வைத்தியம் என்றால், மலையேறிப் போய் மாத்திரை எண்ணுகிறவள் சம்பளமும் வைத்தியம்தானே என்று கேட்டேன். அவர் அந்தக் காகிதத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு ஹார்லிக்ஸ் டப்பா கதையைச் சொன்னேன். மறுநாள் நம் சேச்சியோடு அந்தப் பாடிக்கு ஏறினார். ஷூ முழுக்கப் புழுதி, சட்டை முழுக்க வேர்வை. இறங்கி வந்து டீ கூடக் குடிக்கவில்லை. "கணக்கு எழுதிக் கொடுங்க மேடம், நான் பேசறேன்" என்றார்.

கணக்கு இதுதான். ஆறு பேர், மாதம் ஒன்பதாயிரம், முப்பத்தாறு மாதம்: பத்தொன்பது லட்சத்து நாற்பத்திநாலாயிரம். பஸ், போனுக்கு ஆளுக்கு மாதம் ஆயிரம்: இரண்டு லட்சத்து பதினாறாயிரம். மொத்தம் இருபத்தொரு லட்சத்து அறுபதாயிரம். வேனை விடக் குறைவு. ஒன்பதாயிரம் குறைவான சம்பளம்தான், எனக்குத் தெரியும். பன்னிரண்டு போடலாம் என்று சேச்சிகளிடம் கேட்டேன். "எங்களுக்கு அதிகம் வேணாம், நடுவுல நிக்காம இருந்தா போதும்" என்று அவர்களே சொன்னார்கள். அதைக் கேட்டு நான் சந்தோஷப்படவில்லை. அடுத்த முறை அவர்கள் சொன்னாலும் கேட்க மாட்டேன்.

அடுத்த முறை என்று எழுதும்போதே வயிற்றைப் பிசைகிறது. தொடர் திட்டம் என்றால் தொடங்கிய வருஷம் போக மூன்று வருஷம், அதற்குமேல் சட்டமே விடாது. பையனுக்கு அப்போது பதினாறு வயசு. மாத்திரை நிற்கக்கூடாது. நிரந்தர வைப்பு நிதியாகப் போட்டுக்கொள்ளலாம் என்றால் சி.எஸ்.ஆர். பணத்தில் அதுவும் கூடாது. மறுபடி ஒரு ஏப்ரல் வந்தால் நான் என்ன செய்வேன்? வருமான வரிச் சலுகைக்கான ரசீது கொடுத்து ஊரிலேயே சின்னச் சின்னத் தொகையாக இன்றிலிருந்தே சேர்க்கலாம் என்கிறார் டீச்சர். போன செப்டம்பரில் சங்கத்துக்காரர்கள் வசூல் பண்ணித்தான் பாதிச் சம்பளமாவது கொடுத்தோம், கொழுந்துக்குப் போன இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். ஆறு மாதச் சம்பளம் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இதற்கு எப்படிக் கணக்கு வைப்பது, எந்த வங்கியில் போடுவது, நீதான் வந்து சொல்ல வேண்டும். சுண்டல் பொட்டலத்துக்குக் கூட ரசீது கேட்டு கடைக்காரரை அழவைத்த நீ ஊரில் இருக்கும்போது நான் வேறு யாரிடம் போவேன்?

செப்டம்பர் கடைசிக்குள் பயன்பாட்டுச் சான்று கொடுத்தால்தான் இரண்டாம் தவணை. அதனால் ஆகஸ்டில் இரண்டாம் சனிக்கிழமை புறப்பட்டு வா. திங்கட்கிழமை திரும்பிவிடலாம். அத்தையைப் பார்த்துக்கொள்ள டீச்சர் கோயம்புத்தூர் வருவதாகச் சொல்லியிருக்கிறார், கேட்டுவிட்டேன்.

ஞாயிறு காலை அந்தப் பாடிக்கு ஏறலாம். பையன் இப்போது பட்டையின் பின்பக்கத்தில் பேனாவால் தேதி எழுதிவைக்கிறான். போன வாரம் சேச்சி வருவதற்கு முன்னாலேயே டப்பாவை இறக்கி வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். உப்பு மறக்காமல் எடுத்து வா, அட்டைக்கு.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்