6 பாயிண்ட் எடுத்த ஆட்டம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. கவிதாவுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அம்மா கையோடு சாமி விளக்கை ஏற்றிவிட்டார்கள். அவர்களுக்கு நீ இன்னும், மேட்ச் முடிந்து ராத்திரி பத்து மணிக்கு வந்து இருக்கிற தோசை மாவையெல்லாம் காலி செய்கிற பையன்தான். என் முழங்கால் இப்போது பரவாயில்லை. மாடி ஏறலாம், ஓடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சாயங்காலம் கிரவுண்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு விசில் ஊதுவதை மட்டும் விடவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய், அதில் மூன்றரைப் பக்கம் மைக்கேல் ஜோர்டான், கூடைப்பந்தில் எல்லோரையும் விடப் பெரிய ஆட்டக்காரர் அவர்தான் என்று. உன் பையன் லெப்ரான் ஜேம்ஸ்தான் என்கிறான், சாப்பிட உட்கார்ந்தால் தினமும் இதே பேச்சு, நீயே ஒரு தீர்ப்புச் சொல் என்று கேட்டிருக்கிறாய். நான் சொல்லப்போவது உங்கள் இரண்டு பேருக்குமே பிடிக்காது. என் ஆள் பில் ரசல், 1956 முதல் 1969 வரை பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்கு ஆடியவர்.

ஜோர்டானைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்காதே. 1998 ஜூன் 14, சால்ட் லேக் சிட்டியில் நடந்த அந்த இறுதிப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தின் கேசட்டை நாம் எத்தனை தடவை ஓட்டியிருப்போம்! எதிரணியின் கார்ல் மலோன் கையிலிருந்த பந்தைப் பின்னாலிருந்து வந்து தட்டிப் பறித்தது, அப்புறம் எதிர் ரிங் வரைக்கும் நிதானமாகக் கொண்டுபோனது, 5.2 செகண்ட் மிச்சம் இருக்கும்போது போட்ட ஷாட். அவருடைய சிகாகோ அணிக்கு 87-86 வெற்றி. அந்த 87-இல் 45 பாயிண்ட் அவர் ஒருவருடையது. ஆறு முறை இறுதிப் போட்டிக்குப் போய் ஆறும் ஜெயித்தவர். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. லெப்ரானையும் நான் ஒதுக்கவில்லை. 2016 இறுதிப் போட்டியில் (ஏழு ஆட்டத்தில் முதலில் நான்கு ஜெயித்தவருக்குக் கோப்பை) 3-1 என்று பின்தங்கிய நிலையிலிருந்து எழுந்து வந்து, ஏழாவது ஆட்டத்தில் 89-89 என்று நிற்கும்போது எதிரணியின் இகுவடாலாவைத் துரத்திப் போய்ப் பந்தைப் போர்டோடு சேர்த்து அடித்தாரே, அதைப் பார்த்து நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். கரீம் அப்துல் ஜபார் வைத்திருந்த 38,387 பாயிண்ட் சாதனையை 2023-இல் தாண்டி, அதற்குப் பிறகும் ஆடிக்கொண்டே போனவர். இருபது வருஷத்துக்கு மேல் அந்த உடம்பை அப்படி வைத்திருப்பதே ஒரு தவம்.

ஆனாலும் ரசல். 13 சீசன் ஆடினார், 11 கோப்பை. கோட்டைவிட்டது இரண்டே வருஷம். 1958-இல் இறுதிப் போட்டியின் நடுவில் கணுக்கால் காயம். 1967-இல் ரசலின் பெரிய எதிராளியான வில்ட் சேம்பர்லின் ஆடிய பிலடெல்பியா அணி ஜெயித்தது. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் ஏழாவது ஆட்டம் என்று வந்தபோதெல்லாம், மொத்தம் பத்து முறை, பத்திலும் அவர் அணி ஜெயித்திருக்கிறது.

"அப்போது எட்டு டீம்தானே?" என்று நீ கேட்பாய். அவர் வந்தபோது எட்டுதான், உண்மை. இரண்டு சுற்று ஜெயித்தால் கோப்பை. இன்றைக்கு நான்கு சுற்று. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் எட்டு டீம் என்றால் நாட்டிலேயே சிறந்த எண்பது, தொண்ணூறு பேர் அந்த எட்டில் நெருக்கியடித்து ஆடுகிறார்கள். வில்ட் மாதிரி ஒருவரை ஒரே சீசனில் திரும்பத் திரும்பச் சந்திக்க வேண்டும். தப்பிக்கவே முடியாது.

இன்னொரு கேள்வியும் கேட்பாய், அதுதான் கஷ்டமான கேள்வி. ரசல் சராசரி ஆட்டத்துக்கு 15 பாயிண்ட். ஒரு சீசனில்கூட 20-ஐத் தொட்டதில்லை. ஃபவுலுக்காகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவில் நூற்றுக்கு 56. நம் கிரவுண்டில் இப்படிப் போட்டால் நானே திட்டுவேன். இப்படிப்பட்டவர் எப்படி எல்லோரையும் விடப் பெரியவர்?

இதற்குப் பதில் எனக்குப் போன மாதம் நம் கிரவுண்டில் கிடைத்தது. பதிமூன்று வயசுப் பெண் ஒருத்தி ஆடுகிறாள், நல்ல உயரம், நன்றாக எம்புவாள். யாராவது கூடைக்குப் பக்கத்தில் வந்து லே-அப் போடப் பார்த்தால் பந்தை ஓங்கி அறைவாள். பந்து வேலியைத் தாண்டிப் போய் விழும். எல்லோரும் கத்துவார்கள். நான் விசில் ஊதி, பந்தை எதிர் டீமிடமே திருப்பிக் கொடுப்பேன். பாவம், அவளுக்கு அது புரியவே இல்லை. இவ்வளவு நன்றாகத் தடுத்தும் பந்து ஏன் அவர்களுக்கே போகிறது என்று கேட்டாள். விரலால் தட்டு, உன் ஆள் நிற்கும் பக்கம் தட்டு என்று இரண்டு வாரம் காட்டிக் கொடுத்தேன். ஒரு நாள் சாயங்காலம் செய்தாள். எம்பினாள், பந்தின் அடியில் இரண்டு விரல் பட்டது, பந்து மெதுவாக மேலே எழும்பி இவள் டீம் பெண் கைக்குப் போனது. அவள் ஓடிப்போய் அந்தப் பக்கம் கூடையில் போட்டுவிட்டாள். போட்டவளுக்குக் கைதட்டல். இவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

ரசல் அதைத்தான் 13 வருஷம் செய்தார். இடது கைக்காரர் என்பதால் எதிரே வருகிற வலது கைக்காரர்களின் பந்துக்கு அவர் கை நேராகப் போகும். அறைய மாட்டார், தட்டுவார். பந்து கோர்ட்டுக்குள்ளேயே இருக்கும், தன் ஆளிடம் இருக்கும், அடுத்த மூன்று செகண்டில் எதிர்ப் பக்கம் பாயிண்ட் ஆகியிருக்கும். இதில் கொடுமை என்ன தெரியுமா? பிளாக்கை, அதாவது இப்படி ஷாட்டைத் தடுப்பதை, என்.பி.ஏ. எண்ண ஆரம்பித்ததே 1973-74 சீசனில். அவர் ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிவிட்டது. அவருடைய முக்கியமான வேலைக்குக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. அவர் தொடாத பந்துகள் வேறு இருக்கின்றன. ரசல் நிற்கிறார் என்று தெரிந்து பக்கத்தில் வராமலே தூரத்திலிருந்து போட்டுத் தவறவிட்டவர்களை எந்தக் காலத்திலும் யாரும் எண்ணப்போவதில்லை.

எண்ண முடியாததை வேறு வழியில் பார்க்கலாம். அவர் வருவதற்கு முன்னால் பாஸ்டன் செல்டிக்ஸ் ஒரு கோப்பைகூட வாங்கியதில்லை. 1956 டிசம்பரில், மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய கையோடு வந்து சேர்ந்தார், அந்த சீசனிலேயே கோப்பை. 1969-இல் விலகினார். அடுத்த சீசனில் அந்த அணி பிளேஆஃபுக்கே, அதாவது கோப்பைக்கான சுற்றுகளுக்கே, போகவில்லை. அணியின் இன்னொரு தூண் சாம் ஜோன்ஸும் அதே வருஷம் விலகினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. இப்போது உன் ஆளைப் பார். 1993-இல் ஜோர்டான் விலகி, அடுத்த வருஷம் பேஸ்பால் ஆடப் போனார். முந்தைய சீசனில் 57 வெற்றி வாங்கிய சிகாகோ, அவர் இல்லாமல் 55 வாங்கியது.

இனி வில்ட். 1961-62 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 பாயிண்ட். அதே சீசனில், 1962 மார்ச் 2, ஹெர்ஷியில் ஒரே ஆட்டத்தில் 100. இதை இப்போது எழுதும்போதும் நம்ப முடியவில்லை. அந்த வருஷமும் அவரை வீட்டுக்கு அனுப்பியது பாஸ்டன்தான். பிளேஆஃபில் இருவரும் எட்டு முறை மோதினார்கள், ஏழு முறை ரசல். அதில் நான்கு முறை ஏழாவது ஆட்டம் வரை போனது: 109-107, 110-109, 100-96, 108-106. வித்தியாசத்தைக் கூட்டிப் பார். நான்கும் சேர்ந்து 9 பாயிண்ட். அதிர்ஷ்டம் என்று நீ சொல்லலாம். ஒரு தடவை, இரண்டு தடவை என்றால் நானும் ஒத்துக்கொள்வேன்.

அதில் கடைசி ஆட்டம்தான் எனக்கு உயிர். 1969 மே 5, லாஸ் ஏஞ்சலஸ். அந்த சீசனில் பாஸ்டன் தங்கள் பிரிவில் நாலாவது இடம். ரசலுக்கு வயது 35, ஆட்டக்காரரும் அவர்தான், பயிற்சியாளரும் அவர்தான். எதிரே வில்ட், ஜெரி வெஸ்ட், எல்ஜின் பெய்லர் மூன்று பேரும் ஒரே அணியில், லேக்கர்ஸில். ஜெயித்ததும் கொட்டுவதற்காக லேக்கர்ஸ் முதலாளி ஆயிரக்கணக்கில் பலூன்களை உத்தரத்தில் வலை கட்டி வைத்திருந்தார். அண்ணாந்து பார்த்தால் தெரியும். கடைசிக் கால்பகுதியில் வில்ட் முழங்கால் அடிபட்டு வெளியே போனார். பாஸ்டன் ஒரே ஒரு பாயிண்ட் முன்னால் இருக்கும்போது டான் நெல்சன் போட்ட பந்து ரிங்கின் பின்பக்கம் பட்டு நேராக மேலே எழும்பி, திரும்பி வந்து கூடைக்குள் விழுந்தது. பலூன்கள் இறங்கவே இல்லை. வெஸ்ட் அன்றைக்கு 42 பாயிண்ட், தோற்ற அணியில் இருந்தும் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு. ரசல் எடுத்தது 6 பாயிண்ட், 21 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டிலிருந்து பிடித்த பந்து). அதுதான் அவருடைய கடைசி ஆட்டம்.

இவ்வளவையும் எந்த ஊருக்காகச் செய்தார் என்று யோசித்தால் மனசு கனத்துப்போகிறது. பாஸ்டன் பக்கத்தில் ரெடிங் என்ற ஊரில் அவர் வீட்டுக்குள் புகுந்து கோப்பைகளை உடைத்து, சுவரில் இனவெறி வசைகளை எழுதி, படுக்கையில் மலம் கழித்துவிட்டுப் போனார்கள். 1961-இல் லெக்ஸிங்டனில் ஹோட்டல்காரர்கள் கறுப்பின ஆட்டக்காரர்களுக்குச் சாப்பாடு தர மறுத்தபோது, அவரும் மற்ற கறுப்பினத் தோழர்களும் ஆடாமல் ஊர் திரும்பினார்கள். 1966-இல் என்.பி.ஏ.வின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 1972-இல் அவருடைய 6-ஆம் எண் பனியனை மரியாதைக்காக அரங்கில் உயரே ஏற்றியபோது, ரசிகர்களை உள்ளே விடுவதற்கு முன்பே, தோழர்கள் மட்டும் நிற்க முடித்துக்கொண்டார். அவர் அந்த அணித் தோழர்களுக்காக ஆடினார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். பெரிய ஆட்டத்துக்கு முன்னால் அவர் வாந்தி எடுப்பாராம், அந்தச் சத்தம் கேட்டால்தான் மற்றவர்களுக்கு நிம்மதியாம். மாவட்டப் போட்டி அன்று காலையில் நீ இப்படித்தான் குழாயடியில் குனிந்து நிற்பாய், நான் தண்ணீர் பிடித்துத் தருவேன். படித்ததும் உன் ஞாபகம்தான் வந்தது.

ஒன்று மட்டும் அவரிடம் எனக்கு வருத்தம். ரசலும் வில்ட்டும் நெருங்கிய நண்பர்கள். நவம்பரில் அமெரிக்கர்கள் கொண்டாடும் நன்றி செலுத்தும் நாளில் வில்ட் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, ராத்திரி கோர்ட்டில் எதிரெதிரே நிற்பார்கள். அந்த 1969 ஆட்டத்திலிருந்து வில்ட் வெளியே போயிருக்கக் கூடாது என்று ரசல் பிறகு பொதுவில் சொல்லிவிட்டார். இருபது வருஷத்துக்கு மேல் இருவரும் பேசவில்லை. தப்பு என்று உணர்ந்து ரசலே மன்னிப்புக் கேட்டார். 1999-இல் வில்ட் இறந்தபோது நினைவுக் கூட்டத்தில் எழுந்து பேசினார். 2022-இல் அவரும் போய்ச் சேர்ந்தார், 88 வயது. அதற்கப்புறம் அந்த 6-ஆம் எண்ணை இனி லீக் முழுவதும் யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள்.

உன் பையனிடம் சொல், அடுத்த முறை மேட்ச் பார்க்கும்போது ஐந்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு, ரசல் மாதிரி ரிங் பக்கத்தில் நிற்கிற சென்டரின் காலை மட்டும் பார்க்கட்டும். அப்புறம் எனக்கு அவனே எழுதட்டும், நீ சொல்லிக் கொடுக்காதே.

பொங்கலுக்கு வருகிறாயா என்று அம்மா கேட்கிறார்கள். கிரவுண்டில் தெற்குப் பக்கப் போர்டை மாற்றிவிட்டோம், ரிங் இப்போது நேராக இருக்கிறது. ஷூ எடுத்துக்கொண்டு வா. நான் ஓட மாட்டேன், நீ போடு, நான் பந்து பொறுக்கித் தருகிறேன்.

அன்புடன்,
முரளி