மத்தியானக் கச்சேரிக்குப் போ, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதி அனுப்புகிறேன், படுத்துக்கொண்டே மெதுவாகப் படி. போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னாயே, "இந்த ஊர்ல வாசல்ல காலை வைச்சாலே ஆயிரம் ரூபா போயிடுதும்மா, அதுக்கு ரூம்லயே கிடக்கலாம்" என்று, அது எனக்குத் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. மாலுக்குப் போனால் ஆயிரம் போகத்தான் செய்யும். உன்னைக் குறை சொல்லவில்லை. வாடகை கட்டி, எங்களுக்கும் அனுப்பி, மிச்சத்தில் நீ ஓட்டுவது எனக்குத் தெரியாதா? ஆனால் அதே சென்னையில் கையில் காசே இல்லாமல் நாலு வருஷம் இருந்தவள் நான். அந்த நாலு வருஷத்தில் கேட்ட பாட்டை அப்புறம் இத்தனை வருஷத்தில் நான் கேட்கவில்லை.

1986-இல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூர் போன்களை இணைத்துக் கொடுக்கிற டிரங்க் ஆபரேட்டராகச் சேர்ந்தேன், மயிலாப்பூரில் லேடீஸ் ஹாஸ்டல். "மூணு நிமிஷம் ஆயிடுச்சு சார், நீட்டிக்கணுமா?" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்டுக் கேட்டு, தூக்கத்திலும் கேட்பேன் என்று ரூமில் கூட இருந்தவள் சிரிப்பாள். ஸ்பிளிட் டூட்டி விழுந்தால் காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம், நடுவில் மத்தியானம் பூரா சும்மா. டூட்டி இல்லாத சாயங்காலத்தில் வெளியே போகலாம் என்றால் எட்டு மணிக்கு ஹாஸ்டல் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ஆக எனக்கென்று இருந்தது மத்தியானம்தான். டிசம்பரில் ஒரு நாள் கால் வலித்தது, கச்சேரி நடத்துகிற ஒரு சபா வாசல் திறந்திருந்தது, உள்ளே நாற்காலியும் மேலே ஃபேனும் தெரிந்தது. அவ்வளவுதான், சங்கீத ஞானம் எல்லாம் ஒன்றும் கிடையாது. வாட்ச்மேனும் ஒன்றும் கேட்கவில்லை.

எண்ணிப் பார்த்தேன், என்னையும் சேர்த்துப் பதினோரு பேர். அதில் ரெண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மேடையில் பதினாறு பதினேழு வயசுப் பெண், கஞ்சி போட்ட மாதிரி விறைப்பாக நிற்கிற பட்டுப்பாவாடையில், பின்னால் அவள் அம்மா தம்புராவோடு. மிருதங்கக்காரப் பையன் இடது பக்கத்தில் ரவையைப் பிசைந்து அப்பிவிட்டு, வலது பக்க விளிம்பைக் கல்லால் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பெண் மேல் ஸ்தாயிக்குப் போனாள், குரல் உடைந்தது. சின்னதாகச் சிரித்துவிட்டு மறுபடியும் கீழேயிருந்து ஏறி அதே இடத்தைப் போய்ப் பிடித்தாள் பார், முன் வரிசையில் தூங்குகிறார் என்று நான் நினைத்த தாத்தா கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கி "ஆங்!" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனம் வந்ததும் மூன்று பேர் எழுந்து கேன்டீனுக்குப் போனார்கள், அது அன்றைக்கும் இன்றைக்கும் மாறாத வழக்கம். மங்களம் பாடுவதற்குள் ஓரத்தில் செயலாளர் வந்து நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அடுத்த கச்சேரிக்கு நேரம் ஆகிவிட்டதாம்.

டிசம்பர் சீசனில் அந்த மத்தியானக் கச்சேரி இன்னமும் இலவசம்தான், அதைச் சொல்லத்தான் இத்தனையும். மியூசிக் அகாடமி முதற்கொண்டு நிறைய சபாக்களில் மத்தியானம் இளம் கலைஞர்கள், யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். சாயங்காலம் பெரிய வித்வான்கள், அதற்குத்தான் டிக்கெட். மத்தியானம் பாடி நல்ல பேர் வாங்கினால்தான் அவர்களுக்கு மெல்ல மெல்லச் சாயங்கால மேடை கிடைக்கும். அதனால் மத்தியானம் பாடுகிறவர்கள் ஏனோதானோ என்று பாட மாட்டார்கள், உயிரைக் கொடுத்துப் பாடுவார்கள். சாயங்கால வித்வான்களில் சிலர் பாடும்போதே மனசு அடுத்த சபாவுக்குப் போய்விட்டது நமக்கே தெரியும்! அகாடமியில் காலையில் செயல்முறை விளக்கம் நடக்கும், லெக்-டெம் என்பார்கள், அதுவும் இலவசம். ஒரு ராகத்தையோ ஒரு பாட்டையோ எடுத்து, பாடியும் பேசியும் காட்டுவார்கள். பாதி புரியாது. புரியாத பாதியும் கேட்க நன்றாக இருக்கும். நான் இன்றைக்கும் கல்யாணி, மோகனம் தவிர மற்றதெல்லாம் தோடி என்று சொல்லிச் சமாளிக்கிற ஆள்தான்.

ஒரே ஒரு விஷயம், இலவசம் என்றால் நடு வரிசைக்குப் பின்னால் உட்கார். ஒரு சபாவில், பேர் வேண்டாம், தெரியாமல் ரெண்டாவது வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். "அம்மா, இது டோனர் வரிசை, எழுந்திருங்க" என்று ஒருவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். அரங்கில் ஐம்பது நாற்காலி காலி. வெளியே வந்து மரத்தடியில் நின்று அழுதேன், அப்புறம் ரெண்டு வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை. வீராப்பு. நஷ்டம் எனக்குத்தான்.

கச்சேரியில் பாடுகிற தெலுங்குப் பாட்டு புரியவில்லை என்று நீ மூக்கைச் சுளிப்பாய், தெரியும். அதற்குப் பாரிமுனை ராஜா அண்ணாமலை மன்றம் இருக்கிறது. தமிழ்ப் பாட்டுக்கு மேடை இல்லையே என்று 1943-இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் விழா டிசம்பரில் அங்கேதான் நடக்கும். பஸ்ஸுக்கும் உனக்குக் காசு கிடையாது. 2021-லிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லையே, அதுதான் முன்னால் பிங்க் பெயின்ட் அடித்துக்கொண்டு ஓடுகிறதே. நான் அன்றைக்குச் சில்லறை எண்ணி எண்ணி, ரெண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தவள். நீ ஆப்பில் ஆட்டோ போடுகிறாய்.

கேன்டீனைப் பற்றி மட்டும் எச்சரிக்கை. பாட்டு இலவசம், கீரை வடை இலவசம் இல்லை. சீசனில் கேன்டீனுக்கென்றே வருகிற கூட்டம் உண்டு, விலையும் அதற்குத் தகுந்த மாதிரி. ஒரு காபியோடு எழுந்துவிடு. அசோகா அல்வா பக்கம் பார்க்காதே.

அப்புறம், பாட்டு என்றால் சபாவும் பட்டுப்புடவையும் மட்டும்தான் என்று நினைத்துவிடாதே. எங்கள் ஹாஸ்டல் சமையல்கார ஆயா வண்ணாரப்பேட்டை. ஆடி மாசம் அவங்க தெரு அம்மன் கோயிலுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாங்க. கூழும் கருவாட்டுக் குழம்பும் கையில் கொடுத்து, ஒரு இரும்பு நாற்காலியைத் தூக்கி வந்து முன்னால் போட்டு, "எங்க எக்ஸ்சேஞ்ச் பொண்ணு" என்று தெருவுக்கே அறிமுகம் செய்து வைத்தாங்க. இங்கே எந்த வரிசையிலிருந்தும் யாரும் என்னை எழுப்பவில்லை. ராத்திரி லைட் மியூசிக். பாடின பெண்ணுக்கு ஜலதோஷம், ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே பாடினாள், ட்ரம்ஸ் அடித்தவனோ மழை வந்தும் நிறுத்தவில்லை. ஆடி பிறந்தால் சென்னையில் தெருவுக்குத் தெரு ஸ்பீக்கர் கட்டுவார்கள், நீ ஜன்னலைச் சாத்திக்கொண்டு திட்டாமல் ஒரு நாள் கீழே இறங்கிப் போய்ப் பார்.

பொங்கல் சமயத்தில் பார்க்கிலும் மைதானத்திலும் சென்னை சங்கமம் வைக்கிறார்கள். 2007-இல் தொடங்கியது, நடுவில் பல வருஷம் நின்றுபோய் 2023-இல் திரும்ப வந்தது. பறை, கரகம், ஒயிலாட்டம், தெருக்கூத்து எல்லாம் நம் பக்கத்து ஆட்களே வந்து ஆடுவார்கள், காசில்லை. நீ பொங்கலுக்கு ஊருக்கு வந்துவிடுவாய் என்றுதான் நம்புகிறேன், லீவு கிடைக்காவிட்டால் மட்டும் போ. எழும்பூர் மியூசியத்துக்கும் ஒரு நடை போ, வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் பத்து நிமிஷம் நின்றால் போதும். வெள்ளிக்கிழமை லீவு, போய் ஏமாறாதே.

ஆனால் எதை விட்டாலும் பங்குனி மாசம் மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் திருவிழா பத்து நாளை விட்டுவிடாதே. சம்பந்தர் அந்த ஊரில் ஒரு பதிகம் பாடியிருக்கிறார், 1,300 வருஷத்துக்கு மேல் ஆகிறது. பாம்பு கடித்துச் செத்துப்போன பூம்பாவை என்கிற பெண்ணின் எலும்பைக் குடத்தில் வைத்திருக்கிறார் அவள் அப்பா. அந்தக் குடத்தைப் பார்த்துச் சம்பந்தர் வேறெதுவும் சொல்லவில்லை. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, தைப்பூசம், பங்குனி உத்திரம் என்று அந்த ஊர்த் திருவிழாவை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதைப் பார்க்காமலே போய்விடுவாயா, பூம்பாவாய் என்று கேட்கிறார். பெண் எழுந்து வந்துவிட்டாள். ரூமிலேயே கிடக்கலாம் என்று நீ சொன்னதும் எனக்கு அந்தப் பாட்டுதான் ஞாபகம் வந்தது, என்ன செய்ய.

மூன்றாம் நாள் விடியற்காலை அதிகார நந்தி வாகனம், ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் மத்தியானம் நாயன்மார்கள் ஊர்வலம் வருகிற அறுபத்துமூவர். அறுபத்துமூவர் அன்றைக்குச் சாப்பாட்டுக்கும் செலவில்லை. மாட வீதி முழுக்கப் பந்தல் போட்டு மோர், பானகம், தொன்னையில் சாதம் என்று யார் யாரோ கூப்பிட்டுக் கொடுப்பார்கள், வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள். கூட்டத்தில் போனைப் பத்திரமாக வைத்துக்கொள். கால் மிதிபடும், பழைய செருப்பு போட்டுக்கொண்டு போ.

எனக்குப் பிடித்தது ஐந்தாம் நாள் ராத்திரி ரிஷப வாகனம். கோபுர வாசலில் இருந்து வெள்ளிக் காளை வெளியே வரும்போது நாதஸ்வரத்தில் சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரியை எடுப்பார்கள், தவில் அடி நெஞ்சுக்குழியில் விழும். மைக் இல்லை, கூரை இல்லை, அந்த வாசிப்பு அப்படியே தெருவை நிறைக்கும். நான் முதல் வருஷம் அதைப் பார்க்கக் கேட் நேரத்தை மீறி நின்றுவிட்டு, விடியும் வரை மாட வீதியிலேயே ஒரு பூக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வார்டன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. உன் ரூமுக்கு அந்த மாதிரிக் கேட்டும் இல்லை வார்டனும் இல்லை, ஆனாலும் தனியாகப் போகாதே, ஆபீஸ் சிநேகிதி யாரையாவது கூட்டிக்கொள். சபாவுக்குள் ஏசி குளிரும், சால்வை எடுத்துக்கொள், போன தடவை அனுப்பிய பச்சைச் சால்வையை இன்னும் பிரிக்கவே இல்லைதானே?

வீடியோ எடுத்து அனுப்ப வேண்டாம், அப்பா போனில் ஏற்கெனவே இடமில்லை. ரிஷப வாகனத்தன்று ராத்திரி மட்டும் எனக்கு ஒரு போன் போடு. நீ பேச வேண்டாம், போனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். மூணு நிமிஷம் ஆயிடுச்சு என்று நான் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
அம்மா