கம்ப்யூட்டர் கூலருக்குள் காற்று பிடித்த கதை

ஆசிரியருக்கு வணக்கம்.

மகனுக்குக் கும்பகோணத்தில் ஒரு கடையில் கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வாங்கினோம். அதன் மூளையான பிராசஸர் சிப்பைக் குளிர்விக்க 240 மி.மீ. ரேடியேட்டர் வைத்த லிக்விட் கூலர். சின்ன பம்ப் ஒன்று மூடிய குழாய் வழியே திரவத்தைச் சுற்றவிடும்; அது சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும், அங்கே ஃபேன் காற்றில் ஆறும். அந்த ரேடியேட்டரைக் கேபினட்டின் (கம்ப்யூட்டர் பெட்டியின்) அடியில் மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டே மாதத்தில் உள்ளே களகளவென்று சத்தம். கேம் ஓடினால் சூடு 90 டிகிரியைத் தாண்டியது.

பாபநாசம் பக்கம் பம்ப்செட் வைத்து நெல் விளைவிக்கிறவன் நான். காற்று பிடித்த மோட்டார் தண்ணீர் எடுக்காது என்று எனக்குத் தெரியாதா? இதுவும் அதே கோளாறுதான். மூடிய குழாய்க்குள்ளும் கொஞ்சம் காற்று உண்டு. அது உயரமான இடத்தில் போய்த் தங்கும். ரேடியேட்டர் அடியில் கிடந்தால், உயரமான இடம் பிராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் பம்ப்தான். ரேடியேட்டரைக் கேபினட்டின் கூரையில் மாட்டினால் காற்று அதற்குள்ளேயே நின்றுவிடும். முன்பக்கம் என்றாலும் சரி, அதன் மேல்முனை பம்பைவிட உயரமாக இருக்க வேண்டும். குழாய்கள் ரேடியேட்டரின் கீழ்முனையில் வந்தால் இன்னும் நல்லது. ஆனால் முன்பக்கம் மாட்டி, காற்றை உள்ளே இழுக்க வைத்தால், படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டுக்குச் சற்றே சூடான காற்று போகும்.

நாங்கள் கூரைக்கு மாற்றி, ஃபேன் காற்றை வெளியே தள்ளும்படி திருப்பினோம். சத்தம் அன்றே நின்றது. கூலியை மட்டும் கடைக்காரர் திருப்பித் தரவில்லை.

விவசாயி ஒருவர், பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்