ஊதுவதா, உறிஞ்சுவதா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

உங்கள் மருத்துவப் பக்கத்தில் நுரையீரல் அறுவை சிகிச்சை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சிறு துளை வழியே கட்டியை எப்படி எடுக்கிறார்கள் என்று படம் போட்டு விளக்கியிருந்தீர்கள். கடைசி வரி, 'நோயாளி சில நாள்களில் வீடு திரும்பலாம்.' என் பாடு தொடங்கியதே அங்கேதான்.

எனக்கு வயது 61. வலது நுரையீரலின் மூன்று மடல்களில் மேல்மடலை எடுத்து மூன்று மாதம் ஆகிறது. அறுவை சிகிச்சை செய்த மருத்துவர்மேல் எனக்குக் குறையே இல்லை. என்னை வீட்டுக்கு அனுப்பிய விதத்தில்தான் குறை.

மூன்று பந்து வைத்த மூச்சுப் பயிற்சிக் கருவி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். ஒரு தம்பி வந்து கடகடவென்று விளக்கிவிட்டுப் போனபோது நான் வலி மருந்தின் மயக்கத்தில் இருந்தேன். தலையாட்டியது மட்டும் நினைவிருக்கிறது. வீட்டுக்கு வந்து நான்கு நாள் ஊது ஊதென்று ஊதினேன். ஒரு பந்துகூட அசையவில்லை. சரி, மிச்சம் இருந்த நுரையீரலும் போய்விட்டது என்று ராத்திரியில் அழுதேன். ஐந்தாம் நாள் பேத்தி அட்டைப்பெட்டியில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "பாட்டி, இதை ஊதக் கூடாது, உறிஞ்சணும்" என்றாள். உறிஞ்சினேன். 600 என்று போட்டிருந்த முதல் பந்து மெல்ல மேலே ஏறியது. மூச்சை ஆழமாக உள்ளே இழுத்தால்தானே சுருங்கிக் கிடக்கும் காற்றறைகள் விரியும்? இப்போது இரண்டாவது பந்தும் ஏறுகிறது. (தெரிந்தவர் ஒருவர் அந்தக் கருவியை இரவல் கேட்டார். ஒருவர் வாய் வைத்ததை இன்னொருவர் வைக்கக் கூடாது, கொடுக்கவில்லை. கோபித்துக்கொண்டார்.)

தோள் பட்ட பாடு இதைவிட மோசம். கனம் தூக்கக் கூடாது என்றார்கள். கையை அசைக்கவே கூடாது என்று நான் எடுத்துக்கொண்டேன். தையல் பிரிந்துவிடுமோ என்ற பயத்தில் ஐந்து வாரம் வலக்கையை உடம்போடு ஒட்டியே வைத்திருந்தேன். அப்புறம் தலை பின்னக் கையைத் தூக்கினால் காது வரைகூட வரவில்லை. சுவரில் விரல்களை நடக்கவிட்டு மேலே ஏற்றும் பயிற்சியை முதல் வாரமே தொடங்கியிருக்க வேண்டும் என்று இயன்முறை மருத்துவர் சொன்னார். மார்பு வலி போய்விட்டது, தோள் வலி இன்னும் போகவில்லை.

மார்புக்குக் கீழே ஒரு பட்டையாக மரத்துப்போய், திடீரென்று எரியும். விலா எலும்புகளுக்கு நடுவே ஓடும் நரம்பு அடிபட்டதால் வருவது, மாதக்கணக்கில் இருக்கலாம் என்று மறுபரிசோதனையில்தான் தெரிந்தது. அதுவரை இதயத்துக்கு என்னவோ என்று நினைத்திருந்தேன். இருமும்போது தலையணையை மார்போடு அணைத்துப் பிடிப்பது, வலி மாத்திரை தரும் மலச்சிக்கல், இதெல்லாம் தட்டுத்தடுமாறி நானே கற்றவை.

கத்தி வைப்பதற்கு முன்பே, தலை தெளிவாக இருக்கும்போதே, கருவியை நோயாளி கையில் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்லுங்கள். வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். மருத்துவமனைகளிடம் நான் கேட்பது இவ்வளவுதான். காய்ச்சல், திடீர் மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம், காயத்தில் சீழ் என்றால் உடனே வரவேண்டும் என்பது என் டிஸ்சார்ஜ் தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அதைத் தனித்தாளில் பெரிதாக அச்சடித்துக் கொடுக்கலாம்.

நீங்களும் அடுத்த கட்டுரையை 'வீடு திரும்பலாம்' என்ற வரியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாவது பந்தை இன்னும் ஏற்றாத ஒரு வாசகி