பருவ மடல்: சில செய்திகளும், வியாழக்கிழமை விடுப்பு பற்றி ஒரு வேண்டுகோளும்

26 மே 2026

இயேசுவுக்குப் புகழ்! மரியே வாழ்க!

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

பருவம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது. திருத்திய விடைத்தாள்களைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறோம். கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புங்கள். விளையாட்டு விழாவில் எல்லா வகுப்பினரும் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். கட்டுரை, ஓவியப் போட்டிகளில் பரிசு பெற்றவர்களுக்கும் அவர்களைத் தயார்செய்த ஆசிரியர்களுக்கும் பாராட்டுகள்.

இனி, மே 14 வியாழக்கிழமை பற்றி. அன்று பல வகுப்புகளில் இருக்கைகள் காலியாகக் கிடந்தன. வந்த விடுப்புக் கடிதங்களில் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ‘இன்று ஆண்டவரின் விண்ணேற்றம், கடன் திருநாள்.’ கத்தோலிக்கர் கட்டாயம் திருப்பலியில் பங்கேற்க வேண்டிய நாள் என்று பொருள். அன்றைக்கு வைத்திருந்த செய்முறைத் தேர்வை, வராதவர்களுக்காக இன்னொரு நாள் நடத்த வேண்டியதாயிற்று. அடுத்த வாரம் ஜூன் 4-உம் வியாழன். கிறிஸ்துவின் திருவுடல் திருஇரத்தப் பெருவிழாவைப் பல அச்சுக் காலண்டர்கள் அந்தத் தேதியில்தான் போட்டிருக்கின்றன. இந்த இரண்டு வியாழன்களும் நமக்குக் கடன் திருநாள் அல்ல; அதற்குள் இதைத் தெளிவாக்கிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகள் போக, 10 கடன் திருநாள்களைத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1246-ஆம் சட்டம் குறிப்பிடுகிறது. கிறிஸ்து பிறப்பு, திருக்காட்சி, விண்ணேற்றம், திருவுடல் திருஇரத்தம், மரியா இறைவனின் தாய், அமல உற்பவம், மரியாவின் விண்ணேற்பு, புனித யோசேப்பு, பேதுரு–பவுல், அனைத்துப் புனிதர்கள் என்பவை அவை. அதே சட்டத்தின் இரண்டாம் பகுதி, திருப்பீடத்தின் (வத்திக்கானின்) ஒப்புதலை முன்கூட்டியே பெற்று, இவற்றில் சிலவற்றின் கடமையை நீக்கவோ, அந்த நாளை ஞாயிறுக்கு மாற்றவோ அந்தந்த நாட்டு ஆயர் பேரவைக்கு அதிகாரம் தருகிறது. கடன் திருநாள் என்றால் திருப்பலியில் பங்கேற்பதோடு, வழிபாட்டுக்கும் ஓய்வுக்கும் இடையூறான வேலைகளை விடவும் வேண்டும். வியாழக்கிழமை வேலைநாளாக இருக்கும் இடத்தில் எத்தனை குடும்பங்களால் இது முடியும்? அதற்காகத்தான் நம் நாள்காட்டியில் மூன்று பெருவிழாக்கள் ஞாயிறுக்கு வந்தன. திருக்காட்சி ஜனவரி 2-க்கும் 8-க்கும் இடைப்பட்ட ஞாயிறில் வரும். விண்ணேற்றம் பாஸ்கா (உயிர்ப்பு) காலத்தின் ஏழாம் ஞாயிறில். திருவுடல் திருஇரத்தம் மூவொரு கடவுள் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறில்.

ஆகவே இந்த ஆண்டு நமக்கு விண்ணேற்றப் பெருவிழா மே 17. திருவுடல் திருஇரத்தப் பெருவிழா ஜூன் 7. அடுத்த திருக்காட்சி 2027 ஜனவரி 3.

சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. மே 14 அன்று நம் ஆலயத்தில் குருவானவர் சிவப்பு உடையில் திருப்பலி நிறைவேற்றினார். அது திருத்தூதர் புனித மத்தியாவின் விழா. விண்ணேற்றமாக இருந்திருந்தால் வெள்ளை உடுத்தியிருப்பார். ஜூன் 4 அன்று பச்சையைப் பார்ப்பீர்கள். பொதுக்காலம் 9-ஆம் வார வியாழன், அவ்வளவுதான்.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்ததே. கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் வழிபாட்டு நாள்காட்டி எந்த நாட்டுக்கானது என்று நாம் பார்ப்பதில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் ஆயர்கள் 2006-இல் இந்த மூன்று விழாக்களையும் ஞாயிறுக்கு மாற்றினார்கள். பிறகு, 2017 முதல் திருக்காட்சியையும் விண்ணேற்றத்தையும் பழைய நாளுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். திருவுடல் திருஇரத்தம் மட்டும் ஞாயிறிலேயே நிற்கிறது. அமெரிக்காவில் ஒரே நாட்டுக்குள்ளேயே வேறுபாடு உண்டு: நியூயார்க், பாஸ்டன் போன்ற உயர்மறைமாநிலங்கள் விண்ணேற்றத்தை வியாழனிலேயே வைத்திருக்க, பெரும்பாலான இடங்கள் ஞாயிறுக்குப் போய்விட்டன. அங்கிருக்கும் அத்தை ‘இன்று எங்களுக்குக் கடன் திருநாள்’ என்று சொன்னால் அவர் சொல்வது சரிதான். ஆனால் அந்த நாள் நமக்குக் கடன் திருநாள் ஆகாது. நம் மறைமாவட்ட நாள்காட்டியைப் பாருங்கள். சந்தேகமிருந்தால் பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ‘வியாழன் பூசைக்குப் போய்விட்டோம், அதனால் ஞாயிறு போகவில்லை’ என்று சில பிள்ளைகள் வகுப்பாசிரியரிடம் சொல்லியிருக்கிறார்கள். இது தவறு. வியாழன் திருப்பலி ஞாயிறு கடமைக்கு ஈடாகாது. பெருவிழா ஞாயிறுக்கு வந்தாலும் வராவிட்டாலும் ஞாயிறு தன்னளவிலேயே கடன் நாள். முந்தின நாள் சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கேற்றால் கடமை நிறைவேறும். நலமாக இருப்பவர்கள் நேரலையில் பார்த்தால் நிறைவேறாது.

சிலருக்கு இந்த மாற்றம் வருத்தம் தருகிறது. அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு என்றே நானும் நினைக்கிறேன். உயிர்ப்பிலிருந்து விண்ணேற்றம் வரை திருத்தூதர் பணிகள் முதல் அதிகாரம் சொல்லும் 40 நாள் கணக்கு வியாழனில்தான் சரியாக முடிகிறது. ஞாயிறு 43-ஆம் நாள். தூய ஆவியாருக்கான நவநாளும் விண்ணேற்றத்துக்கு மறுநாள் வெள்ளியில் தொடங்கி ஒன்பது நாள் ஓடுகிறது. விழா ஞாயிறுக்குப் போகும்போது நவநாள் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஏழாம் ஞாயிறுக்குரிய யோவான் 17, ஆண்டவர் தம் சீடருக்காகச் செய்த மன்றாட்டு, தன் ஞாயிறை இழக்கிறது. (ஆறாம் ஞாயிறிலேயே அதை வாசித்துக்கொள்ள வாசக நூலில் இடமுண்டு.) இந்தக் கணக்கை மறைக்கல்வி வகுப்பில் நாங்கள் சொல்லித்தருகிறோம், வீட்டிலும் பேசுங்கள். அந்த வியாழனன்று குடும்பமாகக் காலைத் திருப்பலிக்குப் போய்விட்டுப் பள்ளிக்கு வந்தால் மனமார மகிழ்வேன். காலையில் சற்றுத் தாமதமானால் முதல் நாளே குறிப்பேட்டில் எழுதி அனுப்பினால் போதும்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். ஜூன் 4-க்குக் ‘கடன் திருநாள்’ என்று காரணம் எழுதி வரும் விடுப்புக் கடிதம் ஏற்கப்படாது. வருகைப்பதிவில் அன்று விடுப்பு என்று அல்ல, வரவில்லை என்றே பதிவாகும். அன்று தவறவிடும் தேர்வுக்கு மறுதேர்வு கிடையாது. உடல்நலக் குறைவு, துக்கம், உங்கள் பங்கின் பாதுகாவலர் திருவிழா போன்றவற்றுக்கு வழக்கம்போல் மூன்று நாள் முன்னதாகவோ, முடியாதபோது அன்று காலையோ எழுதுங்கள், தடையில்லை. வியாழனைக் கடன் திருநாள் என்று சொல்லி விடுப்பெடுத்துவிட்டு, ஞாயிறன்று திருப்பலிக்கும் போகாமல் விட்டால், பிள்ளை இரண்டையும் இழக்கிறது. திருச்சபையின் பெயரைச் சொல்லி அப்படி நடப்பதைப் பள்ளி பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

பள்ளியின் பக்கமும் ஒரு தவறு உண்டு. மே 17 காலை உயர்வகுப்பு மாணவருக்குப் பயிற்சி ஆட்டம் வைத்திருந்தோம். பெருவிழா காலையில் அதை வைத்திருக்கக் கூடாது. வருந்துகிறேன். ஜூன் 7 காலையிலும், இனி இந்த மூன்று ஞாயிறுகளிலும், பள்ளியில் எந்தப் பயிற்சியும் நடக்காது. அன்றைய நற்கருணைப் பவனியில் பூத்தூவும் சிறுவரும் பீடப்பணியாளரும் முந்தின நாள் ஒத்திகைக்குத் தடையின்றிப் போகலாம்.

இன்னொன்றையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். மரியாவின் விண்ணேற்பு ஆகஸ்ட் 15 இந்த ஆண்டு சனிக்கிழமை; அது ஞாயிறுக்கு மாறாது. சனிக்கு ஒன்று, ஞாயிறுக்கு ஒன்று என இரண்டு கடமைகள், இரண்டு திருப்பலிகள். சனி மாலை ஒரே திருப்பலியில் இரண்டையும் முடித்துவிடலாம் என்ற கணக்கு செல்லாது. வெள்ளி மாலையோ சனியன்றோ ஒன்றும், சனி மாலையோ ஞாயிறன்றோ மற்றொன்றும் என்று திட்டமிடுங்கள்.

மே 14 அன்று விடுப்பு எடுத்த வீடுகளில் பெரும்பாலானவை பக்தியால்தான் எடுத்தன என்பதை அறிவேன். திருநாளை மறக்காத வீடுகள் அவை. அந்த வீடுகளுக்கும், பள்ளிக்குத் தொலைபேசியில் அழைத்து ‘சரியான நாள் எது?’ என்று கேட்ட பெற்றோருக்கும், மறுதேர்வுக்காக மாலையில் தங்கிய ஆசிரியர்களுக்கும் என் நன்றி. ஜூன் 4 வியாழனன்று பிள்ளைகளை வகுப்பில் பார்க்கக் காத்திருக்கிறேன். ஜூன் 7 ஞாயிறன்று உங்கள் எல்லோரையும் குடும்பமாகப் பவனியில்.

அன்புடன்,
தலைமையாசிரியர்