ஏழாம் வகுப்புப் பெற்றோருக்கு: கம்பி வளைய ஆட்டம் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

இந்த வாரம் உங்கள் பிள்ளை ஒரு சிறிய பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்திருப்பார். உள்ளே ஒரு பஸ்ஸர், 2 பேட்டரி போடும் கூடு, ஒன்றரை மீட்டர் செம்புக் கம்பி, மெல்லிய வயர், ஒரு துண்டு உப்புத்தாள். மின்சுற்றுப் பாடம் முடிந்த கையோடு வீட்டில் செய்துவரச் சொன்ன கம்பி வளைய ஆட்டத்துக்கான சாமான்கள் இவை. கண்காட்சிகளில் பார்த்திருப்பீர்கள். வளைந்து நெளிந்து போகும் கம்பியில் கோத்த ஒரு வளையத்தை, கம்பியில் படாமல் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கொண்டுபோக வேண்டும். பட்டால் 'கீ' என்று கத்தும்.

நான் எழுதுவதற்குக் காரணம் போன வருடம் நடந்தது. அப்போது வந்த ஆட்டங்களில் சில பார்க்கவே அமர்க்களமாக இருந்தன. சாலிடர் வைத்து, பலகைக்கு வார்னிஷ் அடித்து, கடையில் வாங்கியது போல. ஒரு மாணவியிடம், "இந்தச் சிவப்பு வயர் எங்கே போகிறது?" என்று கேட்டேன். பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன் மிஸ்" என்றாள்.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, பஸ்ஸர் கத்தாமல் பிள்ளை விழிக்கும்போது நீங்கள் கையை நீட்டாதீர்கள். கட்டாயம் முதல் தடவை கத்தாது. அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் இந்த வேலையையே கொடுத்திருக்கிறோம்.

ஆட்டத்தின் உள்ளே பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. பேட்டரியின் நேர்முனையிலிருந்து பஸ்ஸரின் சிவப்பு வயர். பஸ்ஸரின் கருப்பு வயர் வளைந்த கம்பியின் ஒரு நுனிக்கு. கையில் பிடிக்கும் வளையத்திலிருந்து ஒரு நீள வயர், பேட்டரியின் எதிர்முனைக்கு. வளையம் கம்பியைத் தொடாதவரை சுற்று அறுந்தே கிடக்கிறது. தொட்ட கணம் முழுமையாகிறது. சுவரில் இருக்கும் ஸ்விட்ச் செய்கிற அதே வேலையைத்தான் இங்கே வளையம் செய்கிறது. என்ன, இங்கே ஸ்விட்சைப் போடாமல் இருப்பவருக்குத்தான் வெற்றி.

கம்பியை வளைப்பது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பகுதி, அதனாலேயே அளவு மீறிப் போகும் பகுதியும் அதுதான். முதலில் வளையத்துக்கு ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொள்ளட்டும். மீதியில் ஏழெட்டு வளைவு போட்டுவிட்டு வளையத்தை நுழைத்தால், அது எங்கேயும் திரும்பாது. இரண்டு மூன்று வளைவு போதும். படுத்தபடி போகும் கம்பியை விட மேலே ஏறும் கம்பி கடினம், ஏனென்றால் அங்கே மணிக்கட்டையே திருப்ப வேண்டும். வளையத்தைத் தடித்த மார்க்கர் பேனாவில் சுற்றி எடுத்தால் வட்டம் ஒழுங்காக வரும். 3 சென்டிமீட்டர் அகலம் ஆரம்பத்துக்குச் சரி. சுற்றிய நுனியைக் காம்போடு முறுக்கி மூடிவிட வேண்டும். இடைவெளி விட்டால் வளையம் கம்பியிலிருந்து கழன்று வந்துவிடும். கைப்பிடிக்கு ரீஃபில் தீர்ந்த பேனாவின் கூடு அருமையாகப் பொருந்தும்.

இரண்டு இடங்களில் எல்லோரும் இடறுவார்கள். கம்பியின் இரண்டு நுனியையும் பலகையில் பொருத்திவிட்டு, அப்புறம்தான் வளையம் வெளியே இருப்பது ஞாபகம் வரும். சரி, ஒரு நுனியைக் கழற்ற வேண்டியதுதான். இன்னொன்று, இரண்டு கோடியிலும் 3 சென்டிமீட்டருக்கு இன்சுலேஷன் டேப் சுற்ற மறப்பது. அங்கேதான் வளையம் சத்தம் போடாமல் உட்கார வேண்டும். டேப் இல்லாவிட்டால் யாரும் ஆடாத நேரத்திலும் பஸ்ஸர் கத்திக்கொண்டே இருந்து பேட்டரியைக் குடித்துவிடும். டேப் சுற்றும் முன் பஸ்ஸரின் வயரை வெறும் கம்பியில் இறுக்கிவிட வேண்டும் என்பதையும் பிள்ளை தானாகவே கண்டுபிடிக்கட்டும்.

விடுமுறையில் நானும் ஒன்று செய்து பார்த்தேன். பழைய டிரான்ஸ்பார்மரிலிருந்து பிரித்த தடித்த கம்பி, பளபளவென்று நல்ல செம்பு நிறம். எல்லாம் மாட்டியாகிவிட்டது, சத்தமே இல்லை. பேட்டரியை மாற்றினேன். பஸ்ஸரை மாற்றினேன். கடைசியில் எங்கள் ஆய்வக உதவியாளர் வந்து கம்பியை நகத்தால் சுரண்டிவிட்டு, "மேடம், இது எனாமல் கம்பி" என்றார். சுருள் சுற்றுகிற கம்பிகளுக்கு, சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டு மின்சாரம் குறுக்கே பாயாமலிருக்க, மெல்லிய பூச்சு கொடுத்திருப்பார்கள். பார்வைக்கு அது வெறும் செம்பு போலவே இருக்கும். பாடம் நடத்தும்போது இதை நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்! உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்தேன். அவசரத்தில் விட்டுப்போன இடங்களில் வளையம் உரசினாலும் பஸ்ஸர் வாய் திறக்கவில்லை. கள்ளாட்டம் ஆட வசதியான இடங்கள்.

பொட்டலத்தில் இருப்பது பூச்சில்லாத கம்பிதான். ஆனாலும் செம்பு காற்றில் கறுக்கும், அதற்குத்தான் உப்புத்தாள்.

கத்தாத பஸ்ஸரோடு பிள்ளை உங்களிடம் வந்தால், பதில் சொல்லாமல் கேள்வி கேளுங்கள். பேட்டரி திரும்பிக் கிடக்கிறதா? பஸ்ஸரின் சிவப்பும் கருப்பும் இடம் மாறியிருக்கிறதா? பல்பு எப்படி மாட்டினாலும் எரியும். இந்தப் பஸ்ஸர் அப்படி இல்லை, திருப்பி மாட்டினால் ஊமை. அப்புறம், வளையத்தைக் கம்பியில் வைக்காமல் நேராகப் பஸ்ஸரின் கருப்பு வயர் நுனியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் வந்தால் பேட்டரி, பஸ்ஸர், கைப்பிடி வயர் எல்லாம் சரி, கோளாறு வளைந்த கம்பிப் பக்கம். வராவிட்டால் இந்தப் பக்கம். ஒரே தொடுதலில் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

நீங்கள் கட்டாயம் தலையிட வேண்டியவையும் உண்டு. சுவர் பிளக்கிலோ போன் சார்ஜரிலோ இதை எந்தக் காரணத்துக்காகவும் இணைக்கக் கூடாது. 1.5 வோல்ட் பேட்டரி இரண்டு, மொத்தம் 3 வோல்ட், அதுவே போதும். பஸ்ஸரை விட்டுவிட்டு பேட்டரியின் இரண்டு முனையையும் கம்பியால் நேராகச் சேர்த்தால் கம்பியும் பேட்டரியும் சுடும். வெட்டிய கம்பி நுனி கண் உயரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால், குறட்டால் மடித்துவிடுங்கள். கைக்கடிகாரத்தில் போடும் பொத்தான் பேட்டரி வேண்டவே வேண்டாம். சின்னக் குழந்தை அதை விழுங்கி, அது தொண்டைக்குக் கீழே மாட்டிக்கொண்டால், இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயில் ஆழமான புண் உண்டாகிவிடும்.

ஆடிப் பார்க்கும்போது கை நடுங்குகிறது என்று பிள்ளை குறைப்பட்டால், எல்லோருக்கும் நடுங்கும் என்று சொல்லுங்கள். ஆரோக்கியமான கையும் நொடிக்கு ஏறக்குறைய 8 முதல் 12 தடவை கண்ணுக்குத் தெரியாமல் அதிர்கிறது. களைப்பிலும் பதற்றத்திலும் அது கூடும். முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்தால் கொஞ்சம் அடங்கும். வீட்டில் எல்லோரும் சூழ்ந்து நின்று பார்த்தால் அடங்காது.

வெள்ளிக்கிழமை ஆட்டத்தைக் கொண்டுவர வேண்டும். பேட்டரியில் ஒன்றைக் கழற்றி வைத்து அனுப்புங்கள், இல்லையென்றால் பை வழியெல்லாம் கத்தும். கூடவே ஒரு தாளில், முதலில் எது வேலை செய்யவில்லை, எப்படிக் கண்டுபிடித்தேன் என்று பிள்ளையே எழுதியிருக்க வேண்டும். மதிப்பெண் அந்தத் தாளுக்குத்தான், அழகுக்கு இல்லை. அன்று வகுப்பில் ஒரு குழு இன்னொரு குழுவின் ஆட்டத்தில் வேண்டுமென்றே ஒரு கோளாறு வைக்கும்; எதிர்க் குழு அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். தான் மாட்டாத வயரில் கோளாறு தேடுவது எந்தப் பிள்ளைக்கும் கஷ்டம்.

அன்புடன்,
தலைமையாசிரியை

பின்குறிப்பு: எனாமல் தேய்த்த என் ஆட்டம் அலுவலக மேசையில் இருக்கிறது. பள்ளிக்கு வரும்போது ஒரு கை பாருங்கள். நான்கு தடவைக்குக் குறைவாகத் தொட்டு என்னால் இன்னும் மறு கோடிக்குப் போக முடியவில்லை.