ஸ்கூட்டரை நிறுத்திய அந்த மேடத்துக்கு

கன்னியாகுமரி மாவட்டம் திருப்பதிசாரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கும், பெயர் தெரியாத அந்த மேடத்துக்கு இந்த நன்றி. (வயதில் என் மகளைவிடச் சிறியவர். ஆனாலும் மேடம் என்றுதான் வாயில் வருகிறது.)

எங்கள் பக்கம் இரண்டாம் போகமான கும்பப்பூ நெல் கதிர் விடும் நேரம். தேரூர் பக்கம் எங்கள் வயலில் வட்டம் வட்டமாகப் பயிர் கருகியது. மருந்துக் கடையில் கொடுத்ததை அடித்தோம், இன்னும் பரவியது.

ரோட்டில் போய்க்கொண்டிருந்த நீங்கள் ஸ்கூட்டரை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் இறங்கினீர்கள். தூரை விலக்கி, தண்ணீருக்குச் சற்று மேலே அப்பியிருந்த பழுப்புப் பூச்சியைக் காட்டினீர்கள். புகையான். தண்ணீரை வடியுங்கள், யூரியாவை நிறுத்துங்கள், எட்டடிக்கு ஓரடி பயிரை விலக்கி வெயிலும் காற்றும் அடிவரை போக விடுங்கள் என்றீர்கள். கடையில் தந்த பைரித்ராய்டு வகைப் பூச்சி மருந்து புகையானைத் தின்னும் சிலந்தியையும் கொன்றுவிடும், அதனால்தான் பூச்சி கூடியது என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். மறுநாளும் கூப்பிடாமலே வந்து, தூரில் படும்படி மருந்து அடிக்க என் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். டீகூடக் குடிக்கவில்லை.

டிபிஎஸ் 5 என்ற நெல் ரகம் வந்த இடம் என்ற அளவில்தான் அந்த நிலையத்தை அறிந்திருந்தேன்.

அறுவடை முடிந்தது, பாதிக்கு மேல் தேறியது. வீட்டில் மட்டி வாழைக்குலை பழுத்திருக்கிறது. அங்கே வேலை பார்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவரிடம் சொல்லுங்கள், ரெண்டு சீப்பாவது வாங்கிக்கொண்டு போகட்டும்.